மாப்பிள்ளையின் காரில் மலை இறக்கம்

சிங்கப்பூரில் என் வேலை கார்களைப் பெயிலாக்குவது. வாகனச் சோதனை நிலையம் ஒன்றில் பல வருடங்களாக இதைத்தான் செய்துவருகிறேன். பிரேக் விளக்கு ஒன்று எரியாவிட்டால் பெயில். டயர் தேய்ந்திருந்தால் பெயில். சொந்தக்காரர் கெஞ்சினாலும் முறைத்தாலும் பெயில் பெயில்தான். அங்கே ஒரு காருக்குப் பத்து வயதாகிவிட்டால், மேற்கொண்டு வைத்திருக்க ஆகும் செலவுக்குப் பயந்தே பெரும்பாலானவர்கள் அதைத் தலைமுழுகிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்து இறங்கியவனை அழைத்துப்போக, சேலம் ஜங்ஷன் வாசலில் என் தங்கையின் கணவர் தங்கராசு பதினேழு வயதுக் காரோடு நின்றிருந்தார்.

தங்கை சாந்தாமணி இருப்பது மஞ்சக்குட்டையில். ஏற்காடு டவுனைத் தாண்டி இன்னும் உள்ளே போகவேண்டும். மாப்பிள்ளை அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புவதும், மாலையில் மூட்டைகளை எடைபோட்டு ஏற்றுவதும் அவர் பொறுப்பு. போன வருடம் சாந்தாமணியின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரம் இரண்டு முறை சேலத்துக்கு இறங்கி டயாலிசிஸ் செய்துகொண்டு திரும்புகிறாள் என்று போனில் சொல்லியிருந்தார்கள். எதில் இறங்குகிறாள் என்று நான் கேட்கவில்லை. ஏதோ ஒரு வண்டி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஏதோ ஒரு வண்டியைத்தான் இப்போது வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்ன கார். நகரத்துச் சந்துகளில் குழந்தையைப் பள்ளியில் விடவும், காய்கறி வாங்கப் போகவும் செய்த கார். யாரோ கோயம்புத்தூரில் ஓட்டித் தேய்த்து, இன்னொருவர் ஈரோட்டில் மிச்சத்தையும் தேய்த்து, மூன்றாவதாக மாப்பிள்ளையிடம் வந்து மலை ஏறியிருக்கிறது. டிக்கியின் பூட்டு போய்விட்டதால் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டியிருந்தார். அந்த முடிச்சை அவிழ்க்க அவரால் மட்டும்தான் முடியும் என்பதால் திருட்டுப் பயம் இல்லை என்றார். ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறாது. ஏறிய பாதியும் உள்ளே விழுந்துவிடாமல் ஒரு மரத்துண்டைச் செருகியிருந்தார். நான் உட்கார்ந்த இடதுபக்கக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது.

“எறங்கறதுன்னா சொல்லுங்க மச்சான், நான் சுத்தி வந்து தொறந்து வுடறேன்” என்றார் மாப்பிள்ளை. மந்திரிக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அவர் சாவியைத் திருப்பியதும் வந்த சத்தத்தில் நான் குனிந்தே விட்டேன். சைலன்சரில் ஓட்டை. ஓட்டை என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். சைலன்சர் என்று அங்கே மிச்சமிருந்ததே கொஞ்சம்தான். ஸ்டேஷன் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன. ஆட்டோக்காரர்கள் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை, அவர்களுக்குப் பழக்கம் போலிருக்கிறது. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டேன். மாப்பிள்ளை காதைக் காட்டி, கையை ஆட்டினார். அதற்குப் பிறகு மலை மேல் போய்ச் சேரும்வரை, வண்டி ஓடும்போதெல்லாம் நாங்கள் ஊமை பாஷையில்தான் பேசிக்கொண்டோம்.

அடிவாரம் தாண்டியதும் காலடியில் காற்று குளுகுளுவென்று அடித்தது. ஏதோ ஏசி வேலை செய்கிறது என்று நம்பி, மிதியடியை நகர்த்திப் பார்த்தேன். தரை துருப்பிடித்துப் போய், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். அதன் வழியே ஏற்காடு சாலை ஓடிக்கொண்டிருந்தது. மிதியடியைப் பழையபடி மூடி, கால்களைச் சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டேன்.

பாதி வளைவுகள் ஏறுவதற்குள் எஞ்சின் கொதித்துவிட்டது. இந்த வயதுக் காருக்கு ரேடியேட்டர்தான் முதல் எதிரி. அதைக் குளிர்விக்கும் விசிறி தானாகச் சுற்ற வேண்டும், இதில் சுற்றாது. அதற்காக ஸ்டியரிங் பக்கத்தில், வீட்டுச் சுவரில் பதிக்கிற வெள்ளை ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். மாப்பிள்ளை அதைப் போட்டும் பலனில்லை. ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அது கடைசிவரை வந்து, சும்மா ஒப்புக்கு நின்றது. வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. அவர் கொஞ்சமும் பதறாமல் காலை பிரேக்கில் வைத்தபடி, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கருங்கல்லை எடுத்து என் மடியில் வைத்தார். பிறகுதான் என் கதவு உள்ளேயிருந்து திறக்காது என்பது இருவருக்கும் ஞாபகம் வந்தது. ஜன்னல் வழியே கையை விட்டு வெளிக் கைப்பிடியை இழுத்து இறங்கி, பின்சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்தேன்.

சொந்தக் கல் எதற்கு, ரோட்டில்தான் கிடக்கிறதே என்று கேட்டேன். ரோட்டுக் கல்லை வைத்தால் அங்கேயே மறந்துவிட்டுப் போய்விடுவோம், பின்னால் பனியில் வருகிற டூவீலர்காரன் அதில் ஏறி விழுவான், தன் கல் என்றால் எடுத்து வைக்கத் தோன்றும் என்றார். ஹேண்ட் பிரேக்கைச் சரிசெய்ய வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

எங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கார் நின்றது. போட்டோ எடுக்க இறங்கிய குடும்பம். அந்த அம்மாள் தன் பையனிடம் தெலுங்கில் பேசினாள். சேலத்தில் வளர்ந்தவனுக்கு அந்த அளவு தெலுங்கு புரியும். “கிட்டே போகாதே, அது வெடிக்கப்போகிறது” என்றாள். எனக்கும் ஏறக்குறைய அதே அபிப்பிராயம்தான்.

வீடு போய்ச் சேர்ந்தபோது சாந்தாமணி வாசலுக்கு வந்து நின்றாள். நான் பார்த்து நான்கைந்து வருடம் இருக்கும். பாதியாகியிருந்தாள். முகம் மட்டும் லேசாக ஊதியிருந்தது. இடது கையில், டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம் கயிறுபோல் புடைத்திருந்தது. “தொட்டுப் பாருண்ணா” என்றாள். தொட்டேன். தோலுக்கு அடியில் ரத்தம் விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டுவிட்டேன். அவள் சிரித்தாள்.

ராகிக் களியும் கீரைக் கடைசலும் செய்திருந்தாள். தோட்டத்துக் கொய்யாவை அறுத்து வைத்தாள். இரண்டாவது முறையும் களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவள் தட்டில் வேகவைத்து நீரை வடித்துவிட்ட காயும் கொஞ்சம் சோறும்தான். கொய்யா கூடாது, ஆரஞ்சு கூடாது, தண்ணீர்கூட ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில்தான். காப்பித் தோட்டத்துக்கு நடுவில் வாழ்ந்துகொண்டு காப்பியும் கிடையாது. சிங்கப்பூர் ஜூரோங்கில் என் வீட்டுக்குக் கீழே இருக்கும் கடையில் சேலத்துக்காரனுக்குப் பிடிக்காத எல்லாம் கிடைக்கும். அதைச் சொல்லி இத்தனை வருடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தவன், அன்று வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மாப்பிள்ளை எஸ்டேட்டுக்குப் போனதும் நான் காரைச் சுற்றிவந்தேன். விடுமுறையில் வந்தாலும் கை சும்மா இருக்குமா? குனிந்தும் படுத்தும் பார்த்தேன். முன்பக்க பிரேக் கட்டைகள் கடைசி மூச்சில் இருந்தன. சக்கரத்தை ஆட்டினால் லொட லொட. பின்பக்கம் இடது பிரேக் விளக்கு எரியவில்லை. பெட்ரோல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கிறது. எவ்வளவு இருக்கிறது என்று மாப்பிள்ளை மனதிலேயே வைத்துக்கொள்வாராம். கிளட்ச் வயரில் நான்கைந்து இழைதான் பாக்கி. ஒவ்வொன்றாகச் சாந்தாமணியிடம் சொன்னேன். அவள் முறத்தில் மிளகைப் பரப்பிக்கொண்டே, “உன்கிட்ட மாட்டுன வண்டி பாவம்ணா” என்றாள்.

சேலத்துக்கே குடிபோய்விடலாமே என்றேன். அதற்கும் சிரிப்புதான். மாப்பிள்ளைக்கு எஸ்டேட்தான் வேலை, வீடும் எஸ்டேட் கொடுத்தது. வாரம் இரண்டு தடவை வாடகைக் கார் கட்டுப்படியாகாது. பஸ்ஸில் இறங்கிவிடலாம், ஆனால் டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது உட்காரக்கூடத் தெம்பிருக்காது. எல்லாக் கேள்விக்கும் அவர்கள் ஏற்கெனவே பதில் தேடி முடித்திருந்தார்கள். கடைசியில் எல்லாப் பதிலும் இந்தக் காரில் வந்துதான் நின்றது.

அடுத்த நாள் ஆஸ்பத்திரி. விடிந்ததும் கிளம்பினோம். சாந்தாமணி முன்சீட்டில் உட்கார்ந்தாள், நான் பின்னால். என் பக்கத்தில் சேலத்துக் கடைக்குக் கொடுக்க வேண்டிய கொய்யாக் கூடைகள் இரண்டு. டவுன் வரைக்கும் வழக்கமான அந்தக் காட்டுச் சத்தம். ஏரிக்கரையில் பஜ்ஜிக் கடைக்காரர்கள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். காலைப் பனி ஜன்னல் வழியே நேராக முகத்தில் வந்து இறங்கியது.

இறக்கம் ஆரம்பித்து இரண்டு மூன்று வளைவு போயிருப்போம். திடீரென்று சத்தம் நின்றுவிட்டது.

முதலில் எனக்குச் சொல்லமுடியாத நிம்மதி. காதுக்குள் பஞ்சு வைத்ததுபோல் இருந்தது. டயர் உருளும் சத்தம் கேட்டது, ஏதோ ஒரு பறவை கத்துவது கேட்டது. முன்சீட்டில் சாந்தாமணி, விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல், “அந்த நீல டப்பால இருக்கறது பழைய அரிசிங்க. அதத்தான் மொதல்ல எடுக்கோணும்” என்றாள். மாப்பிள்ளை ம் என்றார். எவ்வளவு அழகான காலை என்று நினைத்தபடி இருவருக்கும் நடுவே தலையை நீட்டினேன். டாஷ்போர்டில் சிவப்பு விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. கியர் நியூட்ரலில் இருந்தது.

எஞ்சினை அணைத்துவிட்டு மலையில் உருட்டிக்கொண்டிருக்கிறார் மனிதர்!

கார் ஓட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சின் ஓடும்போது பிரேக்குக்கு அதன் உதவி உண்டு. அணைத்துவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குத்தான் பிரேக் பேச்சைக் கேட்கும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும். கியரில் இருந்தாலாவது எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் அதுவும் கிடையாது. நான் “மாப்பிள்ளை” என்று வாயெடுப்பதற்குள் அடுத்த கொண்டை ஊசி வளைவு வந்துவிட்டது. அதில் கீழேயிருந்து ஒரு பஸ் மூக்கை நீட்டியது.

மாப்பிள்ளை மிதித்தார். வேகம் குறைந்த மாதிரி இருந்தது, ஆனால் போதவில்லை. வழக்கமாக இருவர் போகிற வண்டி. அன்று என் உடம்பும் இரண்டு கூடைக் கொய்யாவும் கூட. மறுபடி மிதித்தார். பெடல் போகவில்லை. சீட்டிலிருந்து எழுந்து இரண்டு காலாலும் மிதித்தார். நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், அது சும்மா கையோடு வந்தது. பஸ்காரர் ஹாரனை அழுத்தியபடி நின்றுவிட்டார். மாப்பிள்ளை ஸ்டியரிங்கை மலைப்பக்கமாக ஒடித்தார். கார் ஓரத்து வாய்க்காலில் ஒரு சக்கரம் இறங்கி, மண்மேட்டில் மோதி நின்றது. கொய்யாக்கள் என் மேல் கொட்டின. மறுபக்கம் திரும்பியிருந்தால் தடுப்புச் சுவர், அதற்கப்பால் சேலம் நகரம் சின்னதாகத் தெரிந்தது.

யாருக்கும் அடியில்லை. இடது ஹெட்லைட் மட்டும் போயிற்று. பஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் இறங்கி, மாப்பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வண்டியைத் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். பார்த்துப் போங்க ரைட்டரே என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்கள். நான் நடுரோட்டில் நின்று கத்தினேன். என் தங்கையைக் கொல்லவா பார்க்கிறீர்கள் என்றுகூடக் கேட்டேன்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி நின்றார். கீழே சிதறிய கொய்யாவைப் பொறுக்கினார்.

“ஏறயில நொம்ப கஷ்டப்படுதுங்க மச்சான். எறங்கயிலயாவது கொஞ்சம் மூச்சு வுடட்டும்னுதான்.”

கார் என்ன மாடா, மூச்சு வாங்க என்று கேட்டேன். சாந்தாமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பயந்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகத்தில் இருந்தது பயம் இல்லை. செய்யக்கூடாததைச் செய்யும்போது யாரோ பார்த்துவிட்டது போன்ற ஒரு கூச்சம். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

மீதி வளைவுகளை எஞ்சினைப் போட்டு, செகண்ட் கியரில், நான் பின்னாலிருந்து ஒவ்வொரு திருப்பத்திலும் அதட்ட அதட்ட இறங்கினோம். சாந்தாமணியை உள்ளே அழைத்துப்போனதும், ஆஸ்பத்திரிக்கு எதிரே தள்ளுவண்டியில் தட்டுவடை செட் வாங்கிக்கொண்டேன். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே கேரட்டும் பீட்ரூட்டும் சட்னியும் வைத்துக் கொடுப்பார்கள். சிங்கப்பூரில் எத்தனையோ முறை கனவில் சாப்பிட்டது. வாயில் போட்டால் மண்ணாக இருந்தது. மாப்பிள்ளை ஒன்றும் வாங்கவில்லை. ஒரு வருடமாக, வாரம் இரண்டு முறை, இப்படித்தான் இறங்கியிருக்கிறார்கள்.

திரும்பும்போது சாந்தாமணியைப் பின்சீட்டில் படுக்க வைத்தோம். அந்தச் சத்தத்தில் செத்தவனே எழுந்து உட்காருவான். அவள் மலை முழுக்கக் கண்ணைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை அவளைத் தாங்கி உள்ளே விட்டுவிட்டு, மூட்டை எடைபோட எஸ்டேட்டுக்கு ஓடினார்.

மறுநாள் காலை அடுப்படியில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, பேச்சை ஆரம்பித்தேன். அந்த மனுஷனை நம்பி இனி நீ அந்தக் காரில் ஏறக்கூடாது என்றேன். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அவரத் திட்டாதண்ணா. நான்தான் ஆப் பண்ணச் சொல்றது.”

எனக்குச் சரியாகத்தான் காது கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. எதற்கு என்றேன். அவள் நறுக்குவதை நிறுத்தாமல், நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்த புதிதில் ஒருநாள் இறக்கத்தில் எஞ்சின் கொதித்து, மாப்பிள்ளை வண்டியை அணைத்திருக்கிறார். ஓரம் கட்ட இடம் இல்லாமல் அப்படியே கொஞ்ச தூரம் உருட்டியிருக்கிறார். சத்தம் நின்றது. “அன்னிக்குத்தாண்ணா மொத மொதல்ல கேட்டாரு, பயமா இருக்குதான்னு. நோவு வந்து எத்தன மாசம் ஆச்சு, அதுவரைக்கும் மருந்து சாப்புட்டயா, தண்ணி குடிச்சயா, அவ்வளவுதான்.” அவளும் ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள். அவரும் எனக்கும்தான் என்றிருக்கிறார். அடுத்த தடவை அதே வளைவில் அவள் அவரைப் பார்த்திருக்கிறாள், அவர் சாவியைத் திருப்பிவிட்டார்.

வீட்டில் பேசக்கூடாதா என்று நான் கேட்டேன். கேட்டபோதே முட்டாள்தனமான கேள்வி என்று தெரிந்தது.

“ஊட்டுல மூஞ்சியப் பாத்துப் பேசோணும். அது அவருக்கு ஆகாது, எனக்கும் ஆகாது. கார்ல ரெண்டு பேரும் ரோட்டத்தான பாக்கறோம். வரப்ப எனக்குத் தெம்பு இருக்காது. அந்த எறக்கம் ஒண்ணுதான் எங்களுக்கு.”

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். காருக்கு மூச்சு என்று ஏதோ உளறிய மனிதரை நடுரோட்டில் நிற்க வைத்து நான் கேட்ட கேள்வி, திரும்பத் திரும்ப என் காதிலேயே விழுந்தது. எஞ்சினை அணைத்தது தப்புதான். இன்றைக்கும் அதைத் தப்பு என்றுதான் சொல்வேன், இன்னொரு முறை பார்த்தாலும் கத்துவேன். ஆனால் அந்தக் காரின் உண்மையான கோளாறு எது என்பதை, குனிந்தும் படுத்தும் பார்த்த நான் பார்க்கவில்லை. பிரேக்கைப் பற்றியும் கிளட்ச்சைப் பற்றியும் அவ்வளவு பேசினேன். சைலன்சரைச் சிரிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை சாப்பிட வந்ததும், வாங்க டவுனுக்குப் போகலாம் என்று அவரைக் காரில் ஏற்றினேன். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஒர்க்‌ஷாப். மெக்கானிக் வண்டியை அடையாளம் கண்டுகொண்டு, அது வரும் சத்தம் வழியில் இருக்கும் வெள்ளக்கடையிலிருந்தே கேட்டதாகச் சொன்னார். சைலன்சரை மாற்றச் சொல்லி ரொம்ப நாளாகிறதாம். வளைவில் ஹாரன் அடிக்கும் வேலை மிச்சம் என்று மாப்பிள்ளை தட்டிக்கழித்துவிட்டாராம். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார்.

சைலன்சர் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்தது. பிரேக் கட்டைகள், கிளட்ச் வயர், ஹேண்ட் பிரேக் வயர், ரேடியேட்டர் விசிறி, உடைந்த ஹெட்லைட் எல்லாம் மாறின. பிரேக் விளக்குக்கு ஒரு பல்பு போதுமானதாக இருந்தது. தரையில் தகரம் வைத்து ஒட்டினார்கள். ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் சாமான் கிடைக்கவில்லை, பாதியோடு நின்றது. வேலை நடக்கும்வரை நானும் மாப்பிள்ளையும் எதிரே மிளகாய் பஜ்ஜி தின்றோம். அவித்த சோளம் தின்றோம். மறுபடி பஜ்ஜி தின்றோம். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பேப்பரில் கடைசி பஜ்ஜி ஒன்று கிடந்தது, அதை அவர் பக்கம் தள்ளினேன். அவர் பாதியைப் பிய்த்து என்னிடம் தந்தார். இறக்கத்தில் செகண்ட் கியர், எஞ்சின் அணைக்கவே கூடாது என்று மட்டும் சொன்னேன். “சரிங்க மச்சான்” என்றார்.

நான் ஊர் திரும்பும் நாளும் அவளுடைய ஆஸ்பத்திரி நாளும் ஒன்றாக அமைந்தன. அவர்களோடேயே இறங்கி, சேலத்தில் ரயில் ஏறுவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓடுகிறதா என்று நான் எட்டிப் பார்க்கவேண்டியிருந்தது. பழக்க தோஷத்தில் கருங்கல்லும் சீட்டுக்கு அடியில் வந்துகொண்டிருந்தது.

மஞ்சக்குட்டையிலிருந்து டவுன் வரைக்கும் கார் பூனைபோல் போயிற்று. நான் பெருமையோடு உட்கார்ந்திருந்தேன். இப்போது பேசுவார்கள், இப்போது பேசுவார்கள் என்று காத்திருந்தேன். மாப்பிள்ளை ரோட்டைப் பார்த்தார். சாந்தாமணி இரண்டு தடவை என் பக்கம் திரும்பி, காத்து அடிக்குதாண்ணா, சாப்பாடு எடுத்துக்கிட்டயா என்று கேட்டாள். மாப்பிள்ளை இந்த வருடம் மிளகு சுமார்தான் என்று என்னிடம் சொன்னார். இருவரும் என்னிடம்தான் பேசினார்கள், தங்களுக்குள் இல்லை. ஏரி வந்தது. இறக்கத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சைலன்சரை மாற்றிவிட்டு, அந்த இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தச் சொன்னேன். பின்சீட்டில் வளைவு வளைவாக இறங்கினால் எனக்குக் குமட்டுகிறது, பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்து வருகிறேன், ஆஸ்பத்திரி வாசலில் பார்க்கலாம் என்றேன். மாப்பிள்ளை வேண்டாமுங்க மச்சான், மெதுவாகவே போகலாம் என்று வற்புறுத்தினார். சாந்தாமணி என்னையே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை சுற்றிவந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

அவர்கள் போய்ச் சிறிது நேரத்தில் சேலம் பஸ் கிளம்பியது. இடதுபக்கம் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மூன்றாவது வளைவிலோ நான்காவதிலோ, கீழ் ரோட்டில் அந்தக் கார் தெரிந்தது. நான் பார்த்தது முதலில் பிரேக் விளக்குகளைத்தான், தொழில் புத்தி. இரண்டும் எரிந்தன, அணைந்தன, வளைவில் மறுபடி எரிந்தன. பிரேக்கை மிதித்தபடியே வரவில்லை, கியரில்தான் இறங்குகிறார். எனக்குப் போன மூச்சு வந்தது.

செகண்ட் கியரில் போகிற காரைப் பஸ் சீக்கிரம் பிடித்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். அவர் கண்டக்டரிடம், இந்த வண்டி முன்னெல்லாம் மேல் வளைவிலேயே காதைக் கிழிக்கும், இன்னிக்கு இருந்ததே தெரியலை என்றார். மாப்பிள்ளை ஒதுங்கி வழிவிட்டார். பஸ் பக்கத்தில் வரும்போது, கீழேயிருந்து மரம் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் திணறியது. எல்லா வண்டிகளும் நின்றன. டிரைவர் பஸ்ஸை அணைக்கவில்லை, ஆனாலும் அது அடங்கி நின்றது. என் ஜன்னலுக்கு நேர்கீழே மாப்பிள்ளையின் பாதிக் கண்ணாடி.

அவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இருவரும் முன்னால் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாந்தாமணி பேசிக்கொண்டிருந்தாள். எஞ்சின் ஓடுவதால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்கப் பேசினாள் போலிருக்கிறது. அந்தப் பாதி ஜன்னல் வழியே அவள் குரல் மேலே வந்தது. சண்டை இல்லை, அழுகை இல்லை, நாளைக்கு என்ன சமையல் என்று கேட்கிற குரல்.

“அதெல்லாஞ் சரிங்க. நானில்லாட்டி, நீங்க ராத்திரிக்கு எங்க சாப்புடுவீங்க?”

மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஏதோ சொன்னார். லாரி உறுமி ஏறியது. அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் அவர்களைத் தாண்டி இறங்கியது.